குடும்ப வன்முறை பற்றிக் கள ஆய்வு: முதன்முறை இறங்குபவர்களுக்கு

குடும்ப வன்முறையை ஆய்வுத் தலைப்பாக எடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் கேள்வித்தாளில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பதினொன்றேகாலுக்கு அவருடைய கணவர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, "என்ன கேட்டுட்டு இருக்கீங்க?" என்கிறார். நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? மடியில் இருக்கும் தாளில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது? நீங்கள் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டுத்தான் மற்ற வேலைகளைத் தொட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட அறநெறிப் பரிந்துரைகள் இந்தத் துறையின் அடிப்படை. பதில் சொல்லும் பெண்ணின் பாதுகாப்பும் ஆய்வுக் குழுவின் பாதுகாப்புமே எல்லா முடிவுகளுக்கும் முதல் அளவுகோல் என்று அவை தொடங்குகின்றன. இதை வெறும் அறநெறி என்று நினைத்துவிட வேண்டாம். பயத்தோடு இருக்கும் பெண் "இல்லை" என்றுதான் சொல்வார். மாமியார் அடுக்களையில் நிற்கும்போது வாங்கிய "இல்லை"யும், தனியாக உட்கார்ந்து வாங்கிய "இல்லை"யும் தரவுக் கோப்பில் ஒரே மாதிரி 0 என்றுதான் பதிவாகும். பிறகு எந்தப் புள்ளியியல் உத்தியாலும் அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது.

முதலில் இருக்கும் தரவைப் படியுங்கள்

முதுகலை மாணவர்கள் பலருக்குப் புதிதாகக் களத்தில் இறங்க வேண்டிய தேவையே இருக்காது. தேசியக் குடும்ப நல ஆய்வில் 2005-06இல் நடந்த மூன்றாம் சுற்று முதல் குடும்ப வன்முறைக்கென்று விரிவான தனிப் பகுதி இருக்கிறது. மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் (ஐ.ஐ.பி.எஸ்.) இதை நடத்துகிறது. 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றின்படி, திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் கணவரின் வன்முறையை எப்போதாவது அனுபவித்தவர்கள் இந்திய அளவில் 29.3 சதவீதம், தமிழ்நாட்டில் 38.1 சதவீதம்.

இந்த எண்ணை மேற்கோள் காட்டுவோர் கவனிக்கத் தவறும் விஷயங்கள் சில. உடல்ரீதியான வன்முறை, பாலியல் வன்முறை இரண்டும் மட்டுமே இதில் அடக்கம். மனரீதியான கொடுமை சேரவில்லை. இது வாழ்நாள் அளவு, கடந்த 12 மாதங்களின் கணக்கு வேறு. அடுத்து, ஒரு வீட்டில் எத்தனை பெண்கள் இருந்தாலும் ஒருவரிடம் மட்டுமே இந்தப் பகுதி கேட்கப்படுகிறது. ஒருவரிடம் கேட்டது இன்னொருவருக்குத் தெரிந்தால் இருவருக்கும் ஆபத்து என்பதே காரணம். அதனால் இந்தப் பகுதிக்கென்று தனி எடை மாறி (ஒவ்வொருவர் பதிலுக்கும் எவ்வளவு கனம் தர வேண்டும் என்ற எண்) தரப்பட்டிருக்கிறது: டி005 (D005). இதைப் பத்து லட்சத்தால் வகுத்துப் பயன்படுத்த வேண்டும். பழக்கதோஷத்தில் பெண்களுக்கான பொது எடையைப் போட்டு ஓட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. வி044 (V044) என்ற மாறி, தேர்வு செய்யப்பட்டு நேர்காணல் முடிந்தவர்களையும் தனிமை கிடைக்காததால் கேட்காமல் விடப்பட்டவர்களையும் பிரித்துக் காட்டும். பின்னவர்களை "வன்முறை இல்லை" என்ற கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

மாநிலங்களை ஒப்பிடும்போது இன்னும் நிதானம் தேவை. கர்நாடகத்தின் அளவு நான்காம் சுற்றில் 20.6 சதவீதமாக இருந்தது, ஐந்தாம் சுற்றில் 44.4 ஆனது. நான்கைந்து ஆண்டுகளில் வன்முறையே இரு மடங்கானது என்று இதிலிருந்து நேரடியாகச் சொல்லிவிட முடியாது. யார் கேட்டார்கள், எப்படிப் பயிற்சி பெற்றார்கள், பெண்கள் வெளிப்படையாகச் சொல்லும் அளவு மாறியதா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கின்றன.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்கள் வேறொன்றை அளக்கின்றன. முதல் தகவல் அறிக்கையாகப் பதிவானது மட்டுமே அங்கே வரும். தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகும் மனுக்களில் பல, மனு பெற்றதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடும் "பேசி அனுப்புவதோடும்" முடிகின்றன. அவை அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. ஐந்தாம் சுற்றில், உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்த பெண்களில் 14 சதவீதத்தினரே யாரிடமாவது உதவி தேடியிருந்தார்கள். 77 சதவீதத்தினர் உதவியும் தேடவில்லை, ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. காவல் பதிவுகளை வைத்து ஒரு மாவட்டத்தில் வன்முறை குறைவு என்று எழுதினால், அந்த 77 சதவீதத்தினரின் மௌனத்தைத்தான் நீங்கள் அளந்திருப்பீர்கள்.

பழைய வழக்குக் கோப்புகளைப் படிப்பவர்கள் சட்டப் பிரிவுகளின் எண் மாற்றத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1983இல் வந்த இந்திய தண்டனைச் சட்டம் 498ஏ (கணவரும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமை), 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86ஆம் பிரிவுகளாக இருக்கிறது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டையும் ஒரே அட்டவணையில் குழப்ப வேண்டாம். முன்னது தண்டனைக்கான சட்டம். பின்னது பாதுகாப்பு, இருப்பிடம், ஜீவனாம்சம், குழந்தைகளின் பொறுப்பு ஆகியவற்றுக்காக நீதித்துறை நடுவரிடம் போகும் வழி. அதன் 3ஆம் பிரிவு, பணத்தை முடக்குவதையும் வன்முறை என்றே வரையறுக்கிறது.

மாதிரி அளவு: ஒரு கணக்கு

ஒரு மாவட்டத்தில் வாழ்நாள் அளவை மதிப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்க்கும் அளவு 38 சதவீதம், பிழை வரம்பு கூட்டியும் குறைத்தும் 5, நம்பக அளவு 95 சதவீதம். 1.96இன் வர்க்கத்தை 0.38ஆலும் 0.62ஆலும் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 363 பேர். ஊர் ஊராகக் கொத்தாகத் தேர்ந்தெடுப்பதால் 1.5ஆல் பெருக்க வேண்டும், ஏறக்குறைய 545. பத்தில் ஒருவர் கிடைக்க மாட்டார் அல்லது மறுப்பார் என்று 0.9ஆல் வகுத்தால் 606.

இனி நாள் கணக்கு. ஒரு நேர்காணல் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் எடுக்கும். ஒருவர் ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் செய்யக் கூடாது. மூன்றாவது பெண்ணின் அழுகையைக் கேட்ட பிறகு நான்காவது நேர்காணலில் கேள்விகள் தாமாகவே சுருங்கிவிடும். ஐந்து பேர், ஆளுக்கு மூன்று என்றால் நாளொன்றுக்கு 15, மொத்தம் ஏறக்குறைய 40 வேலை நாட்கள். தனியாளாக முனைவர் பட்டத்துக்குச் செய்பவருக்கு இது கட்டுப்படியாகாது. அப்போது பரவல் அளவைத் தேடுவதை விட்டுவிட்டு, 20 முதல் 30 ஆழ்நேர்காணல்களோடு குறுகிய கேள்வி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நேர்மை. உதாரணத்துக்கு, காவல் நிலையப் படி ஏறிய பெண்கள் ஏன் மனுவைத் திரும்பப் பெறுகிறார்கள் என்பதை விசாரிக்கலாம். 100 பேரைத் தெரிந்தவர் வழியாகப் பிடித்து, "மாவட்டத்தில் இத்தனை சதவீதம்" என்று எழுதுவதற்கு அது எவ்வளவோ மேல்.

எங்கிருந்து ஆட்களை எடுக்கிறீர்கள் என்பதே எந்த வகை வன்முறையைப் பார்ப்பீர்கள் என்பதைத் தீர்மானிக்கும். காப்பகத்திலும், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்திலும் சந்திக்கும் பெண்களில் பலர் ஆண்டுக்கணக்கில் முழுக் கட்டுப்பாட்டில் வாழ்ந்தவர்கள். வீடு வீடாகப் போனால் எப்போதாவது சண்டை முற்றி அடியில் முடிந்தவையும் சேர்ந்து வரும். ஒன்றின் முடிவை மற்றொன்றின் மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது.

ஆண்களிடமும் கேட்க வேண்டும் என்றால், அதே வீட்டில் மட்டுமல்ல, அதே ஊரிலும் கேட்கக் கூடாது. பெண்களுக்கு ஓர் ஊர், ஆண்களுக்கு வேறு ஊர்.

கேள்வியின் சொற்கள்

"நீங்கள் குடும்ப வன்முறைக்கு ஆளாகியிருக்கிறீர்களா?" என்ற கேள்வியால் பயன் இல்லை. தன் வாழ்க்கைக்கு அந்தப் பெயரை எந்தப் பெண்ணும் வைத்திருக்க மாட்டார். "கோவம் வந்தா கை நீட்டுவாரு, மத்தபடி தங்கமானவரு", "குடிச்சா மட்டும்தான்", "நானும் வாய் பேசினேன்" என்பதே வழக்குப் பேச்சு. ஆகவே செயலைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். முர்ரே ஸ்ட்ராஸ் 1979இல் வெளியிட்ட மோதல் உத்திகள் அளவுகோலிலிருந்து வந்த முறை இது. குடும்ப நல ஆய்வும் அதை மாற்றியமைத்தே பயன்படுத்துகிறது. உடல்ரீதியான வன்முறைக்கு ஏழு கேள்விகள்: தள்ளுவது, உலுக்குவது அல்லது எதையாவது விட்டெறிவது; அறைவது; கையை முறுக்குவது அல்லது முடியைப் பிடித்து இழுப்பது; குத்துவது; உதைப்பது, தரையில் இழுப்பது அல்லது அடித்துப் போடுவது; கழுத்தை நெரிப்பது அல்லது சூடு வைப்பது; ஆயுதம் காட்டி மிரட்டுவது அல்லது அதனால் தாக்குவது.

எழுத்துத் தமிழில் இருப்பதை அப்படியே வாசித்தால் நீதிமன்ற விசாரணை போல ஒலிக்கும். "உங்க வீட்டுக்காரர் எப்பவாவது உங்களைக் கன்னத்துல அறைஞ்சிருக்காரா? கையை முறுக்குறது, முடியைப் புடிச்சு இழுக்குறது அப்படி ஏதாவது?" என்று அந்த வட்டாரப் பேச்சில் எழுதி வைத்துக்கொண்டு, எல்லா நேர்காணலிலும் ஒரே சொற்களில் கேளுங்கள். தென்மாவட்டத்தில் எழுதியது கொங்குப் பகுதியில் அப்படியே ஓடாது. குறைந்தது 15 பெண்களிடம், மாதிரிக்கு வெளியே உள்ள ஊரில், சோதித்துப் பாருங்கள். பதிலைவிட, "இந்தக் கேள்வியை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?" என்பதற்கு அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அளவுகோலை அப்படியே இறக்கிவிடவும் கூடாது. அது செயலை எண்ணும். சூழலையும் பயத்தையும் எண்ணாது. தற்காத்துக்கொள்ளக் கணவரைத் தள்ளியதும், கணவர் தள்ளி மண்டை உடைந்ததும் அதன் கணக்கில் ஒன்றுதான். எனவே காயம், அதற்கு எடுத்த சிகிச்சை, "அவர் வீட்டுக்குள்ள வர்ற சத்தம் கேட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்ற பயம் சார்ந்த கேள்வி ஆகியவற்றைக் கூடவே வைக்க வேண்டும்.

பணம் பற்றிய கேள்விகளுக்கு வெளிநாட்டு அளவுகோல்கள் போதாது. நம் ஊரில் கேட்க வேண்டியவை: சம்பள ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது, கேட்காமல் நகையை அடகு வைத்தாரா, சுய உதவிக் குழுவில் உங்கள் பெயரில் எடுத்த கடன் எங்கே போனது, தவணையை யார் கட்டுகிறார்கள். செய்பவர் யார் என்ற கட்டத்தில் கணவர் மட்டுமல்லாமல் மாமியார், மாமனார், நாத்தனார், கொழுந்தன், பிறந்த வீட்டு அண்ணன் எல்லோருக்கும் இடம் வையுங்கள்.

"ஏன் விட்டுட்டு வரலை?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். பழி அவர் மேல் விழுகிறது. "வெளியே வரணும்னு நெனச்சதுண்டா? அப்ப எதெல்லாம் தடுத்துச்சு?" என்று கேட்டால் வீடு, குழந்தையின் பள்ளி, தம்பியின் கல்யாணம் என்று உண்மையான காரணங்கள் வரும்.

பெயரும் ஒப்புதலும்

ஆய்வின் வெளிப்பெயரில் வன்முறை என்ற சொல் இருக்கக் கூடாது. இலங்கையில் 2019இல் நடந்த தேசிய ஆய்வுக்கு 'பெண்கள் நல்வாழ்வு ஆய்வு' என்றுதான் பெயர். ஊர்த்தலைவரிடமும் வீட்டாரிடமும் அந்த மாதிரிப் பெயர். பெண்ணிடம் தனியாக இருக்கும்போது, கேள்வி எதைப் பற்றியது என்று முழுதாகச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். வன்முறைப் பகுதி தொடங்கும் முன் மறுபடி ஒருமுறை கேட்க வேண்டும். இது ஏமாற்று இல்லையா என்று ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு கேட்கும். பெண்ணிடம் எதையும் மறைக்கவில்லை, அவரைச் சுற்றி உள்ளவர்களிடம்தான் சொல்லவில்லை என்று விளக்குங்கள்.

கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தின் நகலை வீட்டில் விட்டுவிட்டு வருவது ஆபத்து. அரிசி டப்பாவுக்குள் மடித்து வைத்தாலும் ஒரு நாள் கண்ணில் படும். வாய்மொழி ஒப்புதலுக்கு அனுமதி கேட்டு, காரணத்தோடு, விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளை அடிப்படையாகக் காட்டலாம்.

எல்லாவற்றையும் ரகசியமாக வைப்போம் என்று வாக்குக் கொடுப்பதிலும் சட்டச் சிக்கல் உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடப்பது தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்புக்குப் பிறகு, 17 வயதில் கல்யாணமான பெண்ணுக்கும் இது பொருந்தும். ஆகவே வயது வரம்பை 18 என்று வைப்பதோடு, "குழந்தைங்க மேல நடக்கிறது தெரிஞ்சா நான் சொல்லியே ஆகணும்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வயதுவந்த பெண்ணின் விஷயம் வேறு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்கிறது, தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் சம்மதம் இல்லாமல் தராதீர்கள்.

உதவிப் பட்டியலை நேரில் நடந்து தயாரிக்க வேண்டும்

இணையத்தில் எடுத்த எண்களை அச்சடித்தால் போதாது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரையும், ஒருங்கிணைந்த சேவை மையத்தையும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும், அரசு மருத்துவமனையையும் நேரில் பாருங்கள். இரவில் யார் இருப்பார்கள், மகனோடு வந்தால் எத்தனை வயது வரை அனுமதி, பேருந்து நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று விசாரியுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு (1987ஆம் ஆண்டுச் சட்டம், 12ஆம் பிரிவு). இதைத் தெரியாமலேயே பலர் வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து நின்றுவிடுகிறார்கள்.

தரும் அட்டை உள்ளங்கையில் அடங்க வேண்டும். 108, 104, 112, 1098, மனநல உதவிக்கு 14416, இவற்றுக்கு நடுவே பெண்களுக்கான உதவி எண் 181. கிராமத்தின் பொது உதவி எண் அட்டை போல இருக்கட்டும். வீட்டில் வைக்கப் பயம் என்றால், 181 என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்பவர்கள்

அதே ஊர்க்காரர் கூடாது. அங்கன்வாடிப் பணியாளரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம், நேர்காணலின்போது உடன் உட்காரவைக்கக் கூடாது. பயிற்சி குறைந்தது இரண்டு வாரம். செர்பியாவில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு நடந்தபோது, அனுபவம் இல்லாவிட்டாலும் நீண்ட பயிற்சி பெற்ற பெண்களிடம்தான், ஒரு நாள் பயிற்சி பெற்ற தொழில்முறைக் கேள்வியாளர்களிடம் சொன்னதைவிட அதிகப் பெண்கள் மனம் திறந்தார்கள்.

பயிற்சியில் முதலில் வெளிவர வேண்டியது கேட்பவரின் சொந்த எண்ணங்கள். "கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாமே" என்று மனதில் நினைப்பவரின் முகம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். குழுவிலும் வன்முறையை அனுபவித்தவர்கள் இருப்பார்கள் என்று எதிர்பார்த்து, யாரும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ள வழி வையுங்கள். வாரம் ஒருமுறை ஆலோசகரோடு உட்காரும் நேரத்துக்கும், ஒலிப்பதிவை எழுத்தாக்குபவருக்கும் சேர்த்து, செலவுத் திட்டத்தில் தொகை ஒதுக்குங்கள். எழுத்தாக்குபவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரே வாக்கியத்தைப் பத்து முறை திருப்பிப்போட்டுக் கேட்பவர் அவர்தான்.

நேர்காணல் நேரம்

இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தை அருகில் இருக்கக் கூடாது. நான்கு வயதுப் பிள்ளை சாயங்காலம் அப்பாவிடம், "அந்த அக்கா உன்னப் பத்திக் கேட்டாங்க" என்று சொல்லிவிடும். ஒற்றை அறை வீடுகளில் தனிமை கிடைக்காது. துவைக்கும் கல், கோயில் மண்டபம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் காலி அறை என்று அவரே சொல்லும் இடத்துக்குப் போங்கள்.

கேள்வித்தாளின் நடுவில் இரும்புச்சத்து மாத்திரை, மாதவிடாய், குடிநீர் பற்றிய ஒரு பக்கத்தை வேறு நிற நூலால் அடையாளம் வைத்திருங்கள். வாசலில் நிழல் விழுந்தால் கை தானாக அந்த நூலுக்குப் போக வேண்டும்: "மாத்திரை சாப்பிட்டா வயித்தைப் பெரட்டுதுன்னு சொன்னீங்களே, எத்தனை நாளா?" இதைப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவரும் திடுக்கிடாமல் பதில் சொல்வார். பயிற்சியில் இதை இருபது முறையாவது நடித்துப் பார்க்க வேண்டும்.

அவர் அழுதால் பேனாவைக் கீழே வையுங்கள். தண்ணீர் குடிக்கட்டும். நிறுத்தவா, இன்னொரு நாள் வரவா, தொடரவா என்பதை அவரே சொல்லட்டும். கழுத்தை நெரித்தது, ஆயுதம், "கொன்னுடுவேன்" என்ற மிரட்டல், சாக வேண்டும் என்ற பேச்சு, இவற்றில் ஒன்று வந்தாலும் கேள்வித்தாளை மூடிவிட்டு, அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் பேசி, அவர் ஒப்புக்கொள்ளும் உதவியை ஏற்பாடு செய்ய வேண்டும். முடிக்கும்போது வன்முறைக் கேள்வியில் நிறுத்தாதீர்கள். இத்தனைக்கும் நடுவே குடும்பத்தை அவர் எப்படி நடத்திவருகிறார் என்பதைப் பேசிவிட்டு எழுந்திருங்கள்.

அவருடைய கைபேசிக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்பக் கூடாது. தொலைபேசி நேர்காணல் என்றால் ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேள்வி இருக்க வேண்டும். யாராவது வந்தால் சொல்ல, "ரேஷன் கடை திறந்துட்டாங்களா" என்பது போல ஒரு வாக்கியத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தரவும் எழுத்தும்

ஒலிப்பதிவுக்குச் சொந்தக் கைபேசி வேண்டாம். தானாக மேகச் சேமிப்புக்கு ஏறிவிடும், வீட்டில் இன்னொருவர் கேட்கலாம். தனிப் பதிவுக் கருவி வையுங்கள், அன்றிரவே கடவுச்சொல் போட்ட கணினிக்கு மாற்றி, கருவியில் அழித்துவிடுங்கள். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் வேறு இடத்தில், பூட்டில்.

பகுப்பாய்வில் உடல், பாலியல், மன, பொருளாதார வன்முறைகளைத் தனித்தனியாகக் காட்டுங்கள், கட்டுப்படுத்தும் நடத்தையையும் அவற்றோடு கூட்டிவிட வேண்டாம். குடிக்கும் கணவர்களிடம் வன்முறை அதிகம் என்று வந்தால், குடியே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். ஒருமுறை மட்டும் எடுத்த தரவு தொடர்பைக் காட்டும், எது முன், எது பின் என்று சொல்லாது. குடிக்காமலேயே அடிக்கும் கணவர்களும், குடித்தும் கை ஓங்காதவர்களும் உங்கள் அட்டவணையிலேயே இருப்பார்கள், அந்தக் கட்டங்களைப் பாருங்கள்.

மேற்கோள்களில்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்கள் ஒளிந்திருக்கும். பெயரை மாற்றிவிட்டு, "இரண்டும் பெண் குழந்தைகள், கணவர் ஜே.சி.பி. ஓட்டுநர், ஏரிக்கரைத் தெரு" என்று விட்டுவைத்தால் ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். தொழிலை மாற்றுங்கள், குழந்தைகளின் எண்ணிக்கையை மாற்றுங்கள், ஊரின் பெயரை எங்கும் எழுதாதீர்கள். அட்டவணையில் ஐந்துக்குக் குறைவான ஆட்கள் உள்ள கட்டத்தை வெறுமையாக விடுங்கள். நன்றியுரையில் ஊராட்சித் தலைவரின் பெயரைப் போட்டு ஊரைக் காட்டிக்கொடுத்த ஆய்வேடுகள் நூலக அலமாரியில் இன்றும் இருக்கின்றன.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு, மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கும் சேவை மையத்துக்கும் இரண்டு பக்கத்தில், தமிழில், ஒரு சுருக்கம் கொண்டுபோய்க் கொடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அந்த மையத்துக்குப் போகப் பேருந்து இல்லை என்று பெண்கள் சொல்லியிருந்தால், அதை முதல் வரியாக எழுதுங்கள்.